கோலியின் அக்கா

ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பவனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை கவசம் கொடுப்பார்கள். கரையில் வாங்குப் பலகையில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டாருக்கு ஒரு கையுறைகூடக் கொடுப்பதில்லை.

கோல் காப்பவனை இங்கே கோலி என்பார்கள். என் தம்பி ரமணன் ஒரு கோலி. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பத்தேழில் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. இருபது வயதில் அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். இடையில் இருந்த பதினொரு வருஷமும் அவனுக்குப் பந்து அடித்தவள், பை தூக்கியவள், கார் ஓட்டியவள், அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்தவள், தேவைப்பட்ட இடத்தில் பொய் சொன்னவள் எல்லாம் நான்தான். எதிர் ரீம், அதாவது எதிரணி, வேகமாக ஏறி வரும்போது, பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், பாதகமில்லை.

வட்டம் வட்டமாக

மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வரிசைக்குப் பின்னால் கார் விடுகிற வெளி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே பெடியன்கள் டெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி விளையாடுவார்கள். ரமணனுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஹொக்கித் தடியைப் பிடிக்கவும் தெரியாது. இரண்டும் தெரியாதவனை அவர்கள் கோலில் விட்டார்கள்.

ஒரு கிழமை போனதும், குளித்துவிட்டு வந்தவனின் நெஞ்சிலும் வயிற்றிலும் வட்டம் வட்டமாகச் சிவந்திருந்ததை அம்மா கண்டுவிட்டா. கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறான். பெடியன்கள் கூடி இவனுக்கு அடிக்கிறார்கள் என்று அம்மா முடிவுகட்டினா. என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினா. திறந்தவன் கெவின், அவனுக்கும் ஒன்பது, பத்து வயதுதான் இருக்கும்.

"என்ர பிள்ளைக்கு ஏன் அடிக்கிறியள் எண்டு கேள்" என்றா அம்மா. எனக்கிருந்த ஆறு மாத ஆங்கிலத்தில் நான் கேட்டேன். கெவின் மிகவும் பணிவாகச் சொன்னான்: "அவனுக்கு ஒருவரும் அடிக்கவில்லை. நாங்கள் அடிக்கிற இடத்துக்கெல்லாம் அவன்தான் வந்து வந்து நிற்கிறான்."

இறங்காத ஆட்டக்காரன்

பன்னிரண்டு வயதில் அவன் ஐஸில் ஏறினான். எங்கள் பகுதிப் பிள்ளைகளின் ரீமுக்குக் கோலி கிடைக்கவில்லை. யார் நிற்கச் சம்மதிக்கிறானோ அவனுக்குக் காலில் கட்டும் பாட், முகமூடி எல்லாம் கழகமே இரவல் கொடுக்கும் என்று கெவின் வந்து சொன்னான். படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஸ்கேற்றிங் பழக்குகிறார்கள் என்று நான் சொன்னேன். அப்பா வேலைக் களைப்பில் வாசிக்காமலே போட்டுத் தந்தார்.

ரமணனுக்கு ஸ்கேற் பண்ணத் தெரியாது என்பது முதல் ஆட்டத்தன்றுதான் கோச் பிராங்குக்குத் தெரியவந்தது. பிராங்க் பஸ் திருத்துகிற வேலை செய்கிறவர், எதற்கும் பதறமாட்டார். இரண்டு பெடியன்களை விட்டு இவனை இழுத்துக்கொண்டுபோய் வலைக்கு முன்னால் நிறுத்தினார். பக் என்கிற கறுப்பு றப்பர் வட்டு மழைபோல வந்தது. இவன் ஒரு கையால் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையாலும் காலாலும் வயிற்றாலும் மறித்தான். ஒன்பது கோல் வாங்கினான். எத்தனை மறித்தான் என்று எண்ண எனக்குத் தோன்றவில்லை, சப்பாத்து நாடா இருந்தது.

ஆட்டம் முடிந்தது, எல்லாரும் கை கொடுத்துவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டார்கள். இழுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பி இழுத்துவர மறந்துவிட்டார்கள். நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், அவன் கம்பத்தை விடுகிறானில்லை. ஐஸைத் துப்புரவாக்கும் வண்டிக்காரர் இயந்திரத்தை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவசரமில்லை பிள்ளை. வேண்டுமானால் அவனைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறேன்."

நிலத்துக்குக் கீழே

அடுத்த வருஷம் நாங்கள் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாறினோம். அதற்குக் கீழே கார் தரிப்பிடம், குளிரில்லாத இடம். பாடம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அங்கே நான் டெனிஸ் பந்தை அடிக்கவேண்டும், அவன் மறிக்கவேண்டும். எனக்குக் கையெல்லாம் நோ. ஆனால் உண்மையைச் சொன்னால், மேல்மூலைக்கு அடிக்கப் பழகியதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் போர்த்துக்கல்காரர், டொமிங்கோ என்று பெயர். பந்து சத்தத்தைப் பற்றி யாரோ முறையிட, மாலையொன்றில் துறப்புச் சாவிக் கோர்வையோடு இறங்கிவந்தார். நான் தடியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அதை எடுத்து, "ஒன்று அடித்துப் பார்க்கிறேன்" என்றார். அடித்தார், ரமணன் பிடித்தான். இன்னொன்று, பிடித்தான். கோட்டைக் கழற்றிக் கார் ஒன்றின்மேல் போட்டார். இருபது பந்துவரை அடித்து ஒன்றும் உள்ளே போகவில்லை. மூச்சிரைக்கத் தடியை என்னிடம் தந்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கும் இதே நேரம்தானே?"

அப்பாவுக்குத் தெரிந்த நாள்

சனிக்கிழமைகளில் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நாங்கள் பயிற்சிக்குப் போவோம். அந்த பஸ்ஸில் எல்லாரும் பக்ரறிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் எங்கள் ஆட்கள். கோலியின் பை என்பது சாதாரணப் பையல்ல. அதற்குள் ரமணனையே படுக்கவைக்கலாம். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகத் தூக்கி ஏற்றுவோம்.

அப்பாவோடு ரெக்ஸ்டேல் பக்ரறியில் வேலை செய்கிற கந்தையா அண்ணை இதை இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "உங்கட பிள்ளையள் விடிய வெள்ளன மூட்டை முடிச்சோட எங்கேயோ வெளிக்கிடுதுகள். வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டிருக்கிறார். அப்பா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். ரமணனின் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வேலைச் சப்பாத்தோடு அப்பா நிற்கிறார். எங்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பக் கண்ணாடியில் அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து அடித்தது. அப்பா அப்படியே குந்திவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். எழும்பித் திரும்பவும் அதே இடத்தில் நின்றார், முடியும்வரை நின்றார். ஆட்டம் முடிய என்னிடம் வந்தார். கையெழுத்துப் பற்றியும் பொய் பற்றியும் என்ன பதில் சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்க அவர் கேட்டார்: "உந்தப் பெடியள் எல்லாரும் ஏன் பிள்ளை எங்கட ஆளுக்கே அடிக்கிறாங்கள்? அங்கால நிக்கிற கோலி சும்மாதானே நிக்கிறான்?"

ஏழாவது ஆள்

அதற்குப் பிறகு வீட்டில் பொய் தேவைப்படவில்லை. அப்பா பழைய கார் ஒன்று வாங்கினார், பதினாறு முடிந்ததும் நான் லைசன்ஸ் எடுத்தேன். அம்மா மட்டும் ஐஸ் அரீனாப் பக்கம் வரமாட்டா. ஆட்டமுள்ள நாளில் றிச்மண்ட் ஹில் கோயில் விபூதியை அவன் நெற்றியில் பூசி அனுப்புவதோடு சரி. அவனுக்குப் பதினைந்து வயதானபோது, எல்லாத் தாய்மாரும் வருகிறார்கள் என்று சொல்லி ஒருநாள் நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் ஒரு பக் அவன் தொண்டைக்குக் கீழே பட்டது. விழுந்தவன் எழும்பவில்லை. நான் பக்கத்தில் திரும்பினேன், அம்மாவைக் காணவில்லை. ஆட்டக்காரர் இறங்குகிற சின்னக் கதவால் அம்மா ஐஸுக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறா. சேலை, அதன்மேல் குளிர்க் கோட்டு, காலில் பனிச்சப்பாத்து. எட்டு அடி நடந்திருப்பா. வழுக்கிச் சப்பணமிட்டமாதிரி இருந்துவிட்டா. இருந்தபடியே "ரமணா" என்று கூப்பிட்டா. சத்தமாகக்கூட இல்லை. மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்ததும் எழும்பிவிட்டான், வெட்கம்தான் எழுப்பியது என்று பிறகு சொன்னான். ஒரு கையை நடுவரும் ஒரு கையை ரமணனும் பிடித்து அம்மாவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

தொண்டைக்குக் கீழே ஒரு கண்டல் காயத்தோடு தப்பினான். அதற்குள் எதிர் ரீமின் கோச் வந்து, இது விதிமீறல் இல்லையா என்று கேட்டார். ஒரு ரீமுக்கு ஐஸில் ஆறு பேர்தான் நிற்கலாம், ஏழாவது ஆள் இறங்கினால் தண்டனை. நடுவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு அவருக்குச் சொன்னார்: "ஏழாவது ஆட்டக்காரனுக்குத்தான் விதி இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை."

நான் விட்டது

இதைச் சொல்வதா விடுவதா என்று நிறைய யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வயதில் அவன் ஜூனியர் ரீமுக்கு முயற்சி செய்தான். தொழில்முறைக்குப் போகிறவர்கள் ஏறவேண்டிய படி அது. கடைசி நாள் கதவில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து பையை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, டோனட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று மாதம் ஹொக்கி என்ற சொல்லே வீட்டில் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். அம்மா நிம்மதியாக நித்திரை கொண்டா. நான் கல்லூரிப் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த ஜூனியர் ரீமின் மனேஜர். அவர்களுடைய இரண்டாவது கோலிக்கு விரல் முறிந்துவிட்டதாம், ரமணன் உடனே தொலைபேசி எடுக்கவேண்டுமாம். அவன் கடையில் நிற்கிறான், கடை நம்பர் என்னிடம் இருந்தது. "சொல்கிறேன்" என்று சொல்லி, ரீமின் பெயரையும் அவர் தந்த நம்பரையும் கொப்பி மட்டையில் எழுதினேன். கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க அந்தக் கொப்பியை வெளியே எடுக்கவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் வேலை முடிந்து வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டா. அவன் "காணும், போடாதேங்கோ" என்று சொன்னான். அந்தச் சுரத்தில்லாத குரலைக் கேட்டதும் என்னால் மறைக்க முடியவில்லை. கொப்பியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"எப்ப எடுத்தவை?"

"காலமை. ஒன்பது மணிக்கு."

அவன் என்னைப் பார்த்தான். எழும்பிக் கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். மத்தியானமே வேறொரு கோலியைப் பிடித்துவிட்டார்களாம். ஆனால் அந்தப் பெடியனால் நாளைக்குத்தான் வரமுடியும் என்றும், ஆட்டம் இன்றைக்கு ஏழரைக்கு என்றும், வந்தால் இடம் அவனுக்குத்தான் என்றும் மனேஜர் சொன்னார். பையை நானே அலுமாரியிலிருந்து இழுத்தேன். பனி கொட்டுகிறது, கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டம். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவன் சொன்னான்: "அக்கா, கோலி எண்டால் எப்பவாவது ஒண்டு விடத்தான் செய்யும். விட்டதை நினைச்சுக்கொண்டு நிண்டால் அடுத்ததும் போயிடும். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பதினைந்து எழுத்து

அன்றைக்கு அவன் ஒரு நிமிஷமும் விளையாடவில்லை, வாங்கில் இருந்தான். ஆனால் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை அவனுக்குச் சட்டை தைத்தார்கள். முதுகில் குடும்பப் பெயர் போடவேண்டும். எங்கள் அப்பாவின் பெயர் கனகசபாபதி. ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. உடுப்புகளுக்குப் பொறுப்பான கிழவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, வளைத்து, நெருக்கி, இரண்டு கமக்கட்டுக்கும் இடையில் ஒருவாறு அடக்கினார். ரமணன் அந்தக் காலத்தில் நல்ல ஒல்லி. சட்டையைப் போட்டதும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் கைக்குக் கீழே ஒளிந்துகொண்டன. கிழவர் அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பெயரைக் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் இவனுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடலாம்."

எல்லை

பதினான்கு வயதில் ரமணனின் ரீம் பஃபலோவுக்கு ஒரு போட்டிக்குப் போனது. அமெரிக்கா என்றாலும் இரண்டு மணித்தியாலம்தான். அப்போது எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, எல்லை கடக்கக் கையில் ஒரு பத்திரமும் இல்லை. ரீமில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்தான். இரண்டு நாளும் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தான்.

இருபது வயதில், அமெரிக்காவின் தெற்கே ஒரு தொழில்முறை ரீம் அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. பெரிய லீக் அல்ல, அதற்கு இரண்டு படி கீழே. ஆனால் விளையாடுவதற்குச் சம்பளம் தருகிற இடம். பஃபலோவில் விமானம். நான்தான் ஓட்டிப்போனேன். இப்போது இருவரிடமும் குடியுரிமை அட்டை இருந்தது, ரீமின் கடிதமும் இருந்தது. என்றாலும் எல்லையில் வரிசை நகர நகர நான் அட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "ஹொக்கி விளையாட" என்றான் ரமணன். அவர் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்பவும் அவனைப் பார்த்தார். காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பையின் சிப்பை அவரே இழுத்தார். எட்டு வருஷ வியர்வை ஊறிய சாமான்கள், நாங்கள் பழகிவிட்டோம், அவருக்குப் பழக்கமில்லை. ஒரு அடி பின்னால் போனார். சிப்பை மூடிவிட்டு, அட்டைகளைத் திருப்பித் தந்து சொன்னார்: "சரி, போங்கள். இந்த மணத்தைப் பொய்யாக உண்டாக்க முடியாது."

ஒரு றிசீவர், மூன்று பேர்

முகாமில் எடுபட்டான், இரண்டாவது கோலியாக. தை மாதம்வரை வாங்கில் இருந்து மற்ற ஆட்டக்காரருக்குக் கதவு திறந்துவிட்டதுதான் வேலை. பிறகு ஒருநாள் மத்தியானம் தொலைபேசியில் சொன்னான்: "முதல் கோலிக்குக் காய்ச்சல். இண்டைக்கு நான்தான்."

அந்த ஊர் ஆட்டம் ரொறன்ரோவில் எந்த ரீவியிலும் வராது. யோசித்துப் பார்த்துவிட்டு ரீமின் அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்தேன். டார்லீன் என்று ஒரு பெண் பேசினா. விஷயத்தைச் சொன்னேன். "உள்ளூர் ரேடியோவில் போகிறது. றிசீவரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், எவ்வளவு நேரமும் கேளுங்கள்" என்றா. நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். வர்ணனையாளருக்கு எங்கள் பெயர் வாயில் நுழையவில்லை. முதல் பகுதியில் "அந்தக் கனடாப் பெடியன்" என்றார், இரண்டாவதில் "கனகா" என்றார், மூன்றாவது பகுதியில் முழுப் பெயரையும் சொல்லிவிட்டார். அப்பா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றுக்கு இரண்டு என்று ரமணனின் ரீம் முன்னால் நிற்கிறது, ஒரு நிமிஷம் மிச்சம். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டா, சத்தம் கேட்காமலிருக்க. வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுகிறார்: அடி, மறித்தான், திரும்பவும் அடி, காலால் மறித்தான், கூட்டம், பக்கைக் காணவில்லை. பிறகு நீளமாக ஒரு சங்குச் சத்தம். அப்பா என்னைப் பார்க்கிறார். "முடிஞ்சுது அப்பா. வெண்டிட்டினம்" என்றேன். அப்பா போய்க் குழாயை மூடினார்.

டார்லீன் றிசீவரை எடுத்துப் பாராட்டினா. அம்மா என் கையைச் சுரண்டி, "அவன் சாப்பிட்டவனோ எண்டு கேள்" என்றா. இதைப் போய் எப்படிக் கேட்பது என்று தயங்கினாலும் கேட்டேன். "கொஞ்சம் நில்லுங்கள்" என்று டார்லீன் எழும்பிப் போனா. ஐந்து நிமிஷம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பிவந்து சொன்னா: "சாப்பிட்டுவிட்டதாக உங்களுக்குச் சொல்லச் சொன்னான். ஆனால் அவன் இன்னும் காலில் கட்டிய பாட்டைக்கூடக் கழற்றவில்லை."

தம்பி தொழில்முறைக்குப் போனதில் அவனுக்குக் கிடைத்தது ஒரு ரீம், எனக்குக் கிடைத்தது சனிக்கிழமைக் காலை நித்திரை. இதில் யாருக்கு லாபம் அதிகம் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.